தங்கவேலு மச்சானின் காய்ச்சல்

ஆம்புலன்ஸில் கூட ஒருவர்தான் ஏறலாம் என்றார்கள். என் தங்கச்சி சர்மிளாவை ஏற்றிவிட்டு, “நான் பின்னாலேயே பஸ்ல வந்துர்றேன்” என்று தலைவலியில் துடித்த என் மனைவி பூரணியிடம் பெரிய வீரனாட்டம் சொன்னேன். அவர்கள் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எனக்குத்தான் மண்சரிவு கந்தப்பளைப் பாதையை மூடிவிட்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் தண்ணீர்த் தொட்டி. அதன்மேல் ஏறி மழையில் உட்கார்ந்தேன்.

சர்மிளாவின் போனில் மயக்க மருந்து டொக்டர் பேசினார். நிதானமான குரல்.

“உங்க மனைவிக்கு மூளையில ஒரு ரத்தக்குழாய் வீங்கி வெடிச்சிருக்கு. தலையைத் திறக்கமாட்டோம். தொடை வழியா மெல்லிய குழாய் விட்டு அந்த வெடிப்பை அடைப்போம். அதுவரைக்கும் அசையாம தூங்க வைக்கிறது என் பொறுப்பு. குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காம போயிருக்கா?”

“இல்லைங்க டொக்டர்.”

பின்னால் நர்ஸ் ஒருத்தி சிங்களத்தில் “உண நே” என்றாள். காய்ச்சல் இல்லையாம். நிம்மதியாகப் போனை வைத்தேன்.

அந்தக் காய்ச்சல் என்ற சொல் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. பூரணியின் அண்ணன் தங்கவேலு காய்ச்சலில் செத்தார் என்றுதான் இருபது வருஷமாகச் சொல்லிவருகிறோம். எங்கே வந்தது அந்தக் காய்ச்சல்? குடலிறக்க ஒப்பரேஷன் மேசையில், மயக்கம் கொடுத்த பிறகு! அடக் கடவுளே, இதைத்தானே அந்த மனுசன் கேட்டார்!

சர்மிளாவுக்கு எடுத்தேன். அறுந்தது. மறுபடியும் அறுந்தது. மூன்றாம் முறை கிடைத்தாள்.

“அண்ணே, உள்ளுக்கு கொண்டு போயிட்டாங்க. கதவ சாத்திட்டாங்க.”

“கதவ ஒடைடி! தங்கவேலு மச்சானுக்கு மயக்க மருந்துலதான் காய்ச்சல் வந்துச்சுன்னு சொல்லு!”

அவள் கதவில் அறைவது கேட்டது. யாரோ திட்டினார்கள். பிறகு அதே டொக்டர், இப்போது அவசரமாக.

“உடம்பு விறைச்சதா?”

“கட்டையாட்டம், டொக்டர். தொட்டா நெருப்பா சுட்டுச்சாம்.”

“நல்லவேளை, இன்னும் தொடங்கல. இது ரத்த உறவுல வர்ற கோளாறு. நான் குடுக்க இருந்தது இவங்களையும் கொன்னிருக்கலாம். வேற மருந்து இருக்கு, அதைப் போடுறோம்.”

நாலு மணித்தியாலம் தொட்டியைவிட்டு இறங்கவில்லை. இறங்கினால் சிக்னல் போய்விடும். போக வழியுமில்லை, செய்ய வேலையுமில்லை. வெட்கமென்ன, வாய்விட்டே அழுதேன்.

போன் அடித்தது. எடுத்தால் சர்மிளா விம்முகிறாள். எனக்கு உயிரே போய்விட்டது.

“சொல்லித் தொலைடி!”

“கண்ணு முழிச்சிட்டாங்கண்ணே. ஒடம்பு சுடல. மொதல்ல ஒங்களத்தான் கேட்டாங்க.”

“என்னன்னு?”

“பஸ்ல வர்றேன்னு சொன்ன மனுசன் எங்கன்னு.”

“நடந்து வர்றேன்னு சொல்லு” என்றேன். தொட்டியிலிருந்து இறங்கினேன்.