நூல் கப்பி

மீன் அசையாமல் நின்றது. வாலுக்குச் சற்று முன்னால், வயிற்றடியில் தொங்கிய சிவப்பு நூல் மட்டும் அசைந்தது. தண்ணீர் அலைத்து அசையவில்லை. ஃபில்டரை அவள் முன்பே நிறுத்தியிருந்தாள். நூல் தானாகவே நுனியை வளைத்தது, நிமிர்த்தியது. மீன் சட்டென்று திரும்பியதும் ஒன்றும் அறியாததுபோல உள்ளே போய் ஒளிந்துகொண்டது. அடுப்பில் பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டும் எழுந்திருக்காமல், தொட்டியின் முன்னால் குந்தியபடியே இன்னொரு மீன் நிற்பதற்காகக் காத்திருந்தாள். அதுவும் நின்றது. அதற்கு இரண்டு நூல்கள். இரண்டும் இரண்டு பக்கமாக நெளிந்தன.

அவள் வேலை பார்ப்பது ஓர் ஆஸ்பத்திரியில். ஆபரேஷன் முடிந்து வரும் கத்தரிகளையும் இடுக்கிகளையும் கழுவி, நீராவியில் வேகவைத்து, பொட்டலம் கட்டி அனுப்பும் அறை. அங்கே லென்ஸ் பொருத்திய ஒரு விளக்கு உண்டு. கத்தரியின் மூட்டுப் பகுதியை அதன் கீழே பிடித்து, தெரிவது துருவா, கறையா, காய்ந்த ரத்தமா என்று பார்க்க வேண்டும். அவசரப்பட்டுப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். கையை ஆட்டாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது தானாகவே தன்னைக் காட்டிக்கொடுக்கும். அப்படிப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு இப்போது தெரிந்ததை, தெரியவில்லை என்று அவளால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. நூல் அல்ல, புழு.

வேறு யார் கொடுத்த மீனாக இருந்தாலும் அவள் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டாள். கொடுத்தது மாமனார்.

மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேறொரு வீட்டுக்கு வாக்குக் கொடுத்து வைத்திருந்தபோது மகன் இவளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். அன்று மூடிய வாய், ஆறு வருஷமாக இவளிடம் திறக்கவில்லை. சண்டை கிடையாது, வசவு கிடையாது. சுவரைப் பார்த்துப் பேசுவார். "சாப்பிடச் சொல்லு" என்பார் மனைவியிடம். இவள் எதிரிலேயே தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு அது பழகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், அந்த மீன் ஜாடி கைக்கு வரும்வரை.

வேலையை விட்டபின் அவர் கப்பி மீன் வளர்க்க ஆரம்பித்தார். விரல் நீளம்கூட இல்லாத மீன், முட்டையிடாமல் குட்டியாகவே போடும். ஒரு தொட்டி நான்காகியது. அவற்றில் சில மீன்களுக்கு வயிற்றடியில் சிவப்பாக ஏதோ தொங்குவதைப் பார்த்தார். தன் கையில் ஒரு புது ரகம் உருவாகியிருக்கிறது என்று முடிவு கட்டினார். "நூல் கப்பி" என்று பெயரும் வைத்தார். நூல் உள்ளவற்றைப் பொறுக்கித் தனித் தொட்டியில் விட்டுப் பெருக்கினார். சொந்தத்தில் யார் புது வீடு போனாலும், யாருக்குக் குழந்தை பிறந்தாலும், ஒரு கண்ணாடி ஜாடியில் ஒரு ஜோடி நூல் கப்பி போகும். மீனுக்குப் புது இடம் புதுசாகத் தெரியக் கூடாதென்று தன் தொட்டியின் பழகின தண்ணீரையே ஜாடி நிறைய ஊற்றிக் கொடுப்பார். நாத்தனார் வீட்டில் உண்டு, சின்ன மாமனார் வீட்டில் உண்டு, மாமனாரின் அக்கா வீட்டுக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்திலேயே உண்டு. இவள் வீட்டில் மட்டும் இல்லை.

போன மாதம் ஒருநாள் இவள் விடைபெற்றுச் செருப்பை மாட்டும்போது அவர் ஜாடியோடு வந்து நின்றார். வழக்கம்போலச் சுவரைப் பார்த்து, "இத எடுத்துக்கச் சொல்லு" என்றார். மாமியார் சமையலறையில் இருந்தாள். மகன் வண்டியை எடுக்கப் போயிருந்தான். சொல்வதற்கு அங்கே ஆளே இல்லை. கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் இவள் முகத்தைப் பார்த்தார்.

"வச்சுக்கோ. நூல் ரகம். வெளியாளுக்குக் குடுக்கறதில்ல."

வண்டியில் வரும் வழியெல்லாம் அந்த ஜாடியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். புருஷன் ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றியபோது ஒரு கையை மட்டும் எடுத்து முதுகில் ஓர் அடி வைத்தாள்.

இப்போது அவனிடம் புழுவைக் காட்டினாள். அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கோளாறு என்றால் உடனே குனிந்து பார்க்கிறவன். குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது முகம் செத்திருந்தது.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத தாயே. ஆறு வருஷம் கழிச்சு மனுஷன் மனசு இறங்கி ஒரு மீனக் குடுத்திருக்காரு. அதுல புழுன்னு சொன்னா, அவர் மூஞ்சிலயே சொன்ன மாதிரி ஆயிடும்."

அப்படியே விட்டால் மீன் இளைத்து இளைத்துச் சாகும். கொடுத்த மீனை வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று ஆகும். எப்படித் திருப்பினாலும் முள் இவள் பக்கமே இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் ஓர் அலங்கார மீன் கடைக்குப் போனாள். கடைக்காரர் டாக்டர்போலக் கேள்வி கேட்டார். சாப்பிடுதா, முதுகு ஒட்டிப் போயிருக்கா, நூல் எப்போது தெரியும் என்று. மீன் நிற்கும்போதுதான் தெரியும் என்று இவள் சொன்னதும் அவர் கையில் இருந்த வலையைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அதைக் கவனித்துச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்றார். பிறகு அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இவளுக்கும் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. அந்தப் புழு குடலின் சுவரை வாயால் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும், சிவப்பு அதனால்தான். கப்பியைப் போலவே அதுவும் குட்டிதான் போடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குட்டிகள் தண்ணீரில் விழும். தண்ணீரில் திரியும் பொடிப் பூச்சிகள் அவற்றைத் தின்னும், பூச்சியை மீன் தின்னும். சில சமயம் குட்டிகளை மீன் நேராகவே விழுங்கிவிடும். இப்படியே சக்கரம் சுற்றும். பழகின தண்ணீரை ஜாடியில் ஊற்றிக் கொடுத்தால் சக்கரமும் சேர்ந்தே போகும்.

ஆடுமாடுகளுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கும் லெவாமிசோல் என்ற மருந்தை, தொட்டியின் அளவு கேட்டு எடைபோட்டுக் கொடுத்தார்.

"இது சாகடிக்கிற மருந்து இல்லம்மா. மரத்துப்போக வைக்கிற மருந்து. புழு புடிச்ச புடிய விட்டுடும், மீன் வெளிய தள்ளிடும். ஆனா கீழ விழுந்தது செத்துடுச்சுன்னு நம்பி விட்டுடாதீங்க. வயித்துல குட்டியோட கெடக்கும். உறிஞ்சி எடுத்துடணும்."

அவள் அவருக்கு இரண்டு முறை நன்றி சொன்னாள். தெருவில் இறங்கியபின் திரும்பிப் போய் இன்னொரு முறையும் சொன்னாள்.

வெளிச்சம் பட்டால் அந்த மருந்து கெட்டுப்போகும் என்பதால் தொட்டியைக் கறுப்புப் போர்வையால் மூடினாள். ஃபில்டரில் இருந்த கரி மருந்தை உறிஞ்சிவிடும் என்பதால் அதை எடுத்து வெளியே வைத்தாள். மறுநாள் போர்வையை விலக்கியபோது தொட்டியின் தரையில் சிவப்புப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. மீன்கள் அவற்றின் மேலே, பாரம் இறக்கி வைத்தவர்கள்போல இலேசாகத் திரிந்தன. குழாயை விட்டுத் தரையை அங்குலம் அங்குலமாக உறிஞ்சினாள். ஆஸ்பத்திரி அறையில் அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம் என்று தரையில் கோடு போட்டிருக்கும். அழுக்குப் பக்கத்துப் பொருள் கோட்டைத் தாண்டக் கூடாது. அதே கணக்கில் இங்கே வாளி அழுக்குப் பக்கம், தொட்டி சுத்தப் பக்கம். வலையைக்கூடக் கொதிநீரில் போட்டாள். உள்ளே தப்பியிருக்கும் சின்னப் புழுக்கள் வளர்ந்து நிற்கும் சமயம் பார்த்து இன்னொரு முறையும் மருந்து போட வேண்டும், அதையும் போட்டாள். மீன்களின் முதுகு உருண்டது. அவள் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் தொட்டியிடம் போய்வருகிறேன் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

அப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். இந்த வீட்டுப் படியை அவர் ஏறுவது அதுதான் முதல் தடவை. வந்தவர் உட்காரவில்லை, நேராகத் தொட்டியிடம் போனார். கிட்டத்தில் பார்த்தார், பிறகு தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு எட்டத்திலிருந்து பார்த்தார்.

"நூல் எங்க?"

சுவரைக் கேட்கவில்லை, அவளைக் கேட்டார். குரலில் கோபம் இல்லை. தன் மீன்கள் செத்து, கடையில் வேறு வாங்கி விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் என்பது அவளுக்குப் புரிந்தது. குட்டி போட்டால் நூல் உதிர்ந்துவிடும் அப்பா என்று புருஷன் ஆரம்பித்தான். நல்ல பொய்தான். அதைப் பிடித்துக்கொண்டால் இவள் இந்த வீட்டு ஆளாகவே இருந்துவிடலாம். தொண்டை வரைக்கும் ஆமாம் வந்தது. ஆனால் அவர் வீட்டு நான்கு தொட்டியிலும் மற்ற வீட்டுத் தொட்டிகளிலும் அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பது கண்முன் வந்தது.

"அதே மீன்தான் மாமா. அது நூல் இல்ல. புழு. மருந்து போட்டு எடுத்துட்டேன்."

அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுபது அடி ஒசரத்துல உக்காந்து, கீழ நிக்கறவன் வெரல் அசைவு பாத்துக் கப்பல்ல பெட்டி எறக்கினவன் நான்," என்றார் மெதுவாக. "எனக்கு நூல் எது, புழு எதுன்னு தெரியாதா?"

தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனார். அந்த வாரம் முழுக்க லென்ஸ் விளக்கின் கீழே அவள் ஒவ்வொரு கத்தரியையும் தேவைக்கு அதிகமான நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னதற்காக வருந்தவில்லை. ஜாடியைக் கொடுத்தபோது அவர் முகத்தில் இருந்ததை இனி பார்க்க முடியாதே என்றுதான் இருந்தது.

அவர் எண்ணிலிருந்து அவளுக்கு முதன்முதலாக ஃபோன் வந்தது, வேலைக்கு நடுவில். கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தாள்.

"உங்க அத்த கண்ணாடியப் போட்டுப் பாத்தேன்," என்றார். அப்புறம், "நகருது."

அவள் ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"மருந்து மிச்சம் இருக்கா?"

அன்று சாயங்காலமே போனாள். வாசலிலேயே மாமியார் பிடித்துக்கொண்டாள். "வாடியம்மா. கிட்டக் கண்ணு போயிடுச்சு, ஒரு கண்ணாடி போடுய்யான்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். என் கண்ணாடியத் தொட்டாலே கவுரவம் கொறஞ்சிடும்னு நின்ன மனுஷன், ராவணன் மாதிரி நாலு தொட்டி முன்னாலயும் பத்துத் தலையா நிக்கறாரு."

"போதும், போ உள்ள," என்றார் அவர். மூக்கில் மனைவியின் பூப்போட்ட கண்ணாடி இருந்தது.

ஏன் மூட வேண்டும், ஏன் கரியை எடுக்க வேண்டும், ஏன் தண்ணீரைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். இவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இடையில் ஒருமுறை தலையில் கை வைத்துக்கொண்டு, "சொந்தக்காரன் ஒருத்தன் விடாம எல்லாருக்கும் புழுவ சீர் குடுத்திருக்கேன்," என்றார். இவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் தொட்டியை மூட எடுத்துவந்த போர்வைக்குள் முகத்தை மறைத்தாள். அவர் தோளும் குலுங்குவதைப் போர்வை ஓரமாகப் பார்த்தாள்.

மற்ற வீடுகளுக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, சத்து மருந்து என்று சொல்லித் தானே போய்ப் போட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள். உங்கள் பெயர் கெட வேண்டாம் மாமா என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குடுத்தது நான். சொல்றதும் நானே சொல்றேன். நீ கூட வா, போதும். எனக்குக் கை நடுங்குது."

வீடு வீடாகப் போனார்கள். கடைசியாக மிஞ்சியது அவருடைய அக்கா வீடு. ஊரே பயப்படும் அந்த அக்கா, கல்யாணமான நாளிலிருந்தே இவளை வாசலுக்குள் விட்டதில்லை. கதவைத் திறந்தவள் தம்பியைப் பார்த்தாள், அவர் கையில் இருந்த வாளியைப் பார்த்தாள், பின்னால் குழாய்ச் சுருளோடு நின்றவளை மேலும் கீழும் பார்த்தாள். அவர் மூச்சு வாங்காமல் எல்லாவற்றையும் சொல்லிமுடித்தார். நூல் என்று சொன்னது, அது புழுவாக இருந்தது, தனக்குக் கிட்டப் பார்வை போனது, அதை யார் கண்டுபிடித்தது எல்லாவற்றையும்.

"அடப்பாவி," என்றாள் அக்கா. "வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் என் தம்பி ரகம், என் தம்பி ரகம்னு காட்டிட்டு இருந்தேனேடா." பிறகு கதவை இன்னும் அகலமாகத் திறந்து, இவளைப் பார்த்து, "செருப்ப அந்தப் பக்கம் விட்டுட்டு வா. கூடத்துல இருக்கு," என்றாள்.

அன்று மருந்து போட்டு மூடிவிட்டு வந்து, மறுநாள் காலை மறுபடியும் போனார்கள். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். போர்வையை விலக்கியதும் ஜன்னல் வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கியது. மாமனார் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குழாயின் ஒரு முனையைத் தொட்டியின் தரையில் வைத்தார். இவள் மறுமுனையை வாளிக்குள் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். நீரோட்டம் பிடித்தது. அவர் கை நடுங்க, குழாய் முனையும் தரையில் நடுங்கி நடுங்கி நகர்ந்தது. அது போகும் வழியெல்லாம் சிவப்பு நூல்கள் தரையை விட்டு எழும்பி உள்ளே நுழைந்தன. கண்ணாடிபோலத் தெளிந்திருந்த அந்தக் குழாயில், அவர் விரல்களின் இடுக்கில் தொடங்கி இவள் விரல்களின் இடுக்கு வரை, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன.