கால் மணிக்கு ஒரு தரம்

நாலாவது நாளும் ஃபைல் போகவில்லை. அறுபது சதவீதம் வரை சமர்த்தாக ஏறும். பிறகு இணைப்பு பட்டென்று அறுந்து, முதலிலிருந்து தொடங்கச் சொல்லும். பாடப்புத்தகத்துக்கான வரைபடங்கள் அவை. வீட்டில் வரைந்து, டெலிபோன் லைனில் மோடம் வழியாக அச்சகத்துக்கு அனுப்புவது என் பிழைப்பு. இன்று மூன்று மணிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக அச்சக மேலாளர் சொல்லிவிட்டார்.

நானும் தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன். ஒயரை மாற்றினேன், வேகத்தைக் குறைத்தேன், ஃப்ரிட்ஜைக்கூட அணைத்தேன். மோடத்தின் காலில் விழாததுதான் பாக்கி. இணைப்பு அறும் நேரங்களை ஒரு தாளில் குறித்தும் வைத்தேன்.

எரிச்சலை யார் மேலாவது காட்ட வேண்டுமே. அக்கா இருந்தாள். அத்தானோடு சண்டை போட்டுக்கொண்டு, ஒரே ஒரு பெட்டியோடு என் வீட்டு உள்ளறையில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு போன் பண்ணினால் போதும், உடனே கிளம்பிவிடுவாளாம். போன் வரவில்லை.

"அந்த மனுஷனுக்கு உன் நினைப்பே இல்லக்கா. இன்னும் எதுக்குக் காத்துட்டிருக்க?" என்று நேற்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவள் என் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

டெலிபோன் லைன்மேன் இரண்டு மணிக்கு வந்தார். சோதித்துப் பார்த்ததில் லைனில் ஒரு குறையும் இல்லை. பிறகு என் தாளைக் கையில் எடுத்தார்.

"பத்தே கால், பத்தரை, பத்தே முக்கால்... கோளாறு கடிகாரம் பார்த்தா வரும்? வீட்டுல இன்னொரு போன் இருக்காம்மா?"

உள்ளறையில் இருந்தது. எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"போனைத் தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"பேசலடி," என்றாள் அக்கா. "கால் மணிக்கு ஒரு தரம் எடுத்துக் காதுல வச்சுப் பார்ப்பேன். கீச்சுன்னு சத்தம் கேக்கும். சரி, லைன் உயிரோடதான் இருக்குன்னு வச்சிடுவேன்."

லைன்மேன் சிரித்துவிட்டார். "அது மோடம் சத்தம்மா. அது கேட்டா லைன்ல வேலை நடக்குதுன்னு அர்த்தம். நீங்க ரிசீவரை எடுத்ததும் அது அறுந்துடும். வெளியிலேர்ந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டுதான்."

அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுபோனது. கருவிப்பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பினார்.

நாலு நாளாகக் காலை முதல் இரவு வரை அந்த லைனில் இருந்தது நான்தான். அறுந்த மறுநொடியே திரும்ப இணைத்தவளும் நான்தான். வெட்கமாக இருந்தது.

"நீ முதல்ல ஃபைலை அனுப்பு. நான் தொடமாட்டேன்," என்றாள் அக்கா.

மணி இரண்டரை. ஃபைல் போக இருபத்தைந்து நிமிடம் ஆகும். உடனே அனுப்பியிருந்தால் மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். நான் மோடத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டு அத்தானின் எண்ணைச் சுழற்றினேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அத்தான், நீங்க போன் பண்ணீங்களா?"

"மூணு நாளா பண்ணேம்மா. எப்பப் பார்த்தாலும் எங்கேஜ்டு. என் குரலே கேக்க வேண்டாம்னு உங்கக்கா ரிசீவரை எடுத்துக் கீழ வச்சிட்டாள்னு தோணிச்சு. இன்னைக்குக் காலையிலேர்ந்து விட்டுட்டேன்."

ரிசீவரை அக்காவிடம் நீட்டினேன். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் கீழ வைக்கலீங்க," என்றாள். "எடுத்து எடுத்துப் பார்த்துட்டேதாங்க இருந்தேன்."

நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.