நிறுத்தாத மாத்திரை

என் வீட்டுக்காரர் வீரய்யா வல்லத்திராக்கோட்டை பஸ் ஸ்டாப்பில் விழுந்து இடுப்பு முறிந்து அன்றோடு ஆறு நாள். முப்பது வருஷம் கல்குவாரித் தூசியைக் குடித்த நுரையீரல் அவருக்கு. முழு மயக்கம் கொடுத்தால் கண் விழிக்க மாட்டார் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வது ஒன்றுதான் வழி. அந்த முதுகோ வளைந்து, எலும்போடு எலும்பு ஒட்டிக் கிடந்தது.

காலையில் ஆப்பரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு மயக்க டாக்டர் வைஷ்ணவி வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“அழகியம்மா, மொதல்ல தொடையில ஒரு ஊசி போட்டு வலிய அமத்திட்டோம். அப்பறம் ஒருக்களிச்சுப் படுக்க வச்சு முதுகுல ஸ்கேன் வச்சுப் பாத்தேன். கையால தடவுனா ஒண்ணும் புடிபடல. ஸ்கேன்ல எலும்புக்கு நடுவுல ஒரு இடுக்கு நல்லாத் தெரியுது. ஊசி போயிரும்.”

கையெடுத்துக் கும்பிட்டேன்.

“கடைசியா ஒருதடவ கேட்டுக்கிறேன். ரத்தம் ஒறையாம இருக்கக் குடுக்குற அந்த மாத்திரைய நிறுத்தி அஞ்சு நாளாச்சுல்ல? அது ஒடம்புல இருக்கயில குத்துனா, தண்டுவடத்துக்கிட்ட ரத்தம் கட்டி ரெண்டு காலும் வெளங்காமப் போயிரும்.”

கும்பிட்ட கையை இறக்கினேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் என் வீட்டுக்காரர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டாக்டர், அந்த மாத்திரையை ஒருநாள்கூட விடக் கூடாது, விட்டால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து நான்தான் நாள் தவறாமல் கொடுத்துவருகிறேன். இங்கே நர்ஸ் நிறுத்தச் சொன்னபோது, நேற்று வந்த பிள்ளை, இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். வாழைப்பழத்துக்குள் வைத்து அவருக்கே தெரியாமல் கொடுத்தேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு.

பொய் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அவர் கால்களை நினைத்ததும் வாய் தானாகத் திறந்தது.

“நேத்து ராத்திரியும் குடுத்தேன் டாக்டர்.”

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சுவரில் சாய்ந்துகொண்டார்.

“இன்னும் அஞ்சு நாள் போகணும். நெஞ்சுல சளி கட்ட ஆரம்பிச்சிருச்சு. அதுவரைக்கும் தாங்குவாரான்னு தெரியலம்மா.”

என் வீட்டுக்காரரை ஸ்ட்ரெச்சரில் வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆறு நாளாக அசைத்தாலே அலறிய மனிதர், தொடையில் போட்ட ஊசியின் சுகத்தில் தெளிவாக இருந்தார். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“வலியே இல்ல அழகி. அதுக்குள்ள ஆப்பரேசன் முடிஞ்சிருச்சா?”

“ஆமாங்க, நல்லபடியா முடிஞ்சிருச்சு” என்றேன்.