கோபம் வராத ஊர்

நெக்ரோஸ் தீவின் மேற்குக் கரைக்காரர்களுக்குக் கோபப்படத் தெரியாது. மனசு உண்டு, காரணமும் மலையளவு உண்டு. குரல்தான் ஒத்துழைக்காது. பக்கோலோட் நகரத்தில் ஒருத்தி புருஷனை வெட்டுக்கத்தியோடு துரத்தினால், அவள் தாலாட்டுப் பாடுகிறாள் என்று நினைத்து அடுத்த வீட்டுக்காரி தன் குழந்தையைக் கொண்டுவந்து அவள் இடுப்பில் வைத்துவிட்டுப் போவாள். வீடு எரிகிறது என்று ஒருவன் போனில் அலறியதைக் கேட்டுத் தீயணைப்பு நிலையமே கண்ணயர்ந்துவிட்டது என்பார்கள். இதைப் பொய் என்று சொல்பவர்கள் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

இந்தக் குரலை மோப்பம் பிடித்துத்தான் கம்பெனிகள் வந்தன. வாடகை குறைவு, வரிச் சலுகை, கடலுக்கடியில் கம்பி என்று பிற்பாடு ஆயிரம் காரணம் அடுக்கினார்கள். முதலில் வந்தவன் கண்டது ஒன்றைத்தான். சிட்னியில் மின்கட்டண ரசீதைப் பார்த்துக் கொதிக்கிற மனிதன், பக்கோலோட் பெண் ஒருத்தியோடு கொஞ்சம் பேசினால் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனை வைக்கிறான். இந்தச் செய்தி பரவி இரண்டாவது கம்பெனி வந்தது. இரண்டும் இருப்பதால் பழகிய ஆட்கள் கிடைப்பார்கள் என்று மூன்றாவது வந்தது. அந்த ஊரில் கோழி சுடும் கடைகள் ஒரே வரிசையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றனவே, அதே சங்கதிதான். புகை கிளம்பும் இடத்துக்குப் பசித்தவன் வருவான். பசித்தவன் வருகிற இடத்தில் இன்னொருவன் அடுப்பு மூட்டுவான். பத்து வருடத்தில் ஒரு தெரு முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள். ஒவ்வொரு மாடியிலும் யாரோ ஒருத்தி பூமியின் மறுகோடியில் இருக்கிற யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

அதற்கு முன்பு அந்த ஊருக்குக் கரும்புதான் எல்லாம். மெர்லிண்டா சிறுமியாக இருந்தபோது உலகச் சந்தையில் சர்க்கரை விலை விழுந்தது. கரும்பு வெட்டுகிற அவளுடைய அப்பா வெட்டுக்கத்தியைச் சுவரில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். ஊரில் பிள்ளைகள் எலும்பும் தோலுமாகச் செத்தார்கள். கரும்பு போய்க் குரல் வந்தது. இரண்டும் இனிப்பு. இரண்டுக்கும் விலை வைப்பவன் வேறு ஊர்க்காரன்.

மெர்லிண்டா ஆஸ்திரேலிய மின்சாரக் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் புதிய பெண்களுக்குப் பாடம் சொல்பவள். அக்கா என்பதற்கு அந்த ஊரில் 'நாங்' என்பார்கள்; தெரு முழுக்க அவள் எல்லோருக்கும் நாங். அவள் பாடம் மூன்றே படி.

"மொதல்ல மூச்சு விடு, இந்தாய். அவருக்குக் கேக்கற மாதிரி விடணும். அடுத்தது 'அய்யோ'ன்னு சொல்லு, உன் வீட்டுலயே நடந்தாப்புல. மூணாவதாத்தான் முடியாதுங்கறத சொல்லணும். அதுக்குள்ள அவருக்குப் பாதித் தூக்கம் வந்துருக்கும்."

'இந்தாய்' என்பது வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற செல்லப் பெயர். அவளிடம் பாடம் கேட்ட இந்தாய்கள் அந்தத் தெருவின் எல்லாக் கட்டடத்திலும் இருந்தார்கள்.

இந்தப் பாடத்தை அவள் வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் புருஷன் தியோனிங்குக்கும் அது மனப்பாடம். "நீ பெருமூச்சு விட்டாலே எனக்கு வயித்தக் கலக்குதும்மா. அரிசி தீந்துடுச்சா, உங்கம்மா வராங்களான்னு தெரியாமப் போவுது" என்பார். அவருக்கு நெஞ்சில் வால்வு பழுது. மணிலாவில் ஆபரேஷன், ஜனவரி நடுவில் தேதி. மெர்லிண்டாவின் கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்ததால்தான் அந்தத் தேதியே கிடைத்தது. "உன்ன நான் அழகுக்காகக் கட்டல, அட்டைக்காகக் கட்டுனேன்" என்று இரண்டு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லிச் சிரிப்பார்.

செப்டம்பரில் செய்தி வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து பிரெண்டா என்ற அம்மாள் வருகிறாள். பக்கோலோட், பிஜித் தீவு, இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்வார்கள்.

மெர்லிண்டா இதைத் தெருமுனையில் காப்பிக்கடை வைத்திருந்த கொர்னேலியாவிடம் சொன்னாள். கொர்னேலியா பதங்காஸ் மாகாணத்துக்காரி. அவள் பிறந்த பக்கத்தில் 'சாப்பிட்டியா' என்று கேட்டாலே காக்கை கூட்டைக் காலி செய்துகொண்டு போய்விடும்.

"ஏண்டி, புருசனுக்கு நெஞ்சு ஆபரேசன், கம்பெனிய மூடப்போறான், இன்னும் ரெண்டு பலகாரம் வைக்கட்டுமாங்கற மாதிரி சொல்றியே. எவன்டி நம்புவான்?"

"எனக்கு இப்படித்தாங்க வருது."

"போன வருசம் சம்பளம் ஏத்தச் சொல்லிக் கேட்டீங்களே, என்னாச்சு?"

"ரொம்ப சந்தோசமா இருக்கோம்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க."

"பாத்தியா. நீங்க அழுதாலும் அவனுக்குப் பாட்டாத்தான் கேக்குது. ஒருத்தன் போனா பின்னாடியே எல்லாவனும் போவான்டி. என் காப்பிய நானே குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கணும். வா, கத்தக் கத்துத் தரேன்."

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் கடையின் பின்கட்டில் பாடம். "வயித்துலேர்ந்து வரணும். மூடக் கூடாதுன்னு சொல்லு." மெர்லிண்டா சொன்னாள். தெருநாய் ஒன்று வந்து அவள் பாதத்தில் தலைவைத்துப் படுத்தது. இன்னும் உரக்கச் சொன்னாள். நாய் குறட்டை விட்டது. கடலைக்காரன் ஒருவன் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தான்.

"நாயி கூட மதிக்கலையேடி" என்று தலையில் அடித்துக்கொண்டாள் கொர்னேலியா. மூன்று வாரம் இப்படியே போயிற்று. கடைசியில் பொறுமையிழந்து ஒருநாள் சொன்னாள்: "சரி, தியோனிங்கு செத்துட்டான்னு நெனச்சுக்க. பொட்டியில வெச்சு மாலையும் போட்டாச்சு. இப்ப சொல்லு."

மெர்லிண்டா வாயைத் திறந்தாள். அவளுடையது என்று யாரும் சொல்லமாட்டாத ஒரு சத்தம் வந்தது. நாய் மூன்று தெரு தாண்டித்தான் நின்றது. அடுப்பிலிருந்த காப்பி பயந்து மறுபடி கொட்டையாகிவிட்டது என்று கொர்னேலியா பிற்பாடு சாதிப்பாள். அப்போதைக்கு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, மெல்லிய குரலில் அவள் சொன்னது ஒன்றுதான்: "போதும்டி."

பிரெண்டா வந்த அன்று முகமூடித் திருவிழாச் சமயம். பட்டினிக் காலத்தில் அழுகையை மறைக்க ஊர் கண்டுபிடித்த திருவிழா அது. எல்லா முகமூடியும் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும். மேலாளர் வில்மார் அலுவலகம் முழுக்க அவற்றைத் தொங்கவிட்டு, தன் தலையிலும் ஒன்றை ஏற்றிக்கொண்டு பின்னால் நின்றார். பிரெண்டா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அழைப்புகளைக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் தோளே தளர்ந்து இறங்கியது. பிறகு மெர்லிண்டாவைப் பார்த்து, "இந்த எடத்த மூடிட்டா நீங்க என்ன நெனைப்பீங்க? மனசுல இருக்கறதச் சொல்லுங்க" என்றாள்.

மெர்லிண்டா சொன்னாள். வயிற்றிலிருந்து, பெட்டி, மாலை எல்லாவற்றோடும். "மூடக் கூடாது. எம் புருசன் செத்துருவாரு. நீங்கதான் கொன்னீங்கன்னு நான் சொல்லுவேன்."

பேசிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் பாதி வார்த்தையில் நின்றார்கள். கொர்னேலியா கணக்குப்படி அந்த அம்மாள் பயந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரங்கியிருக்க வேண்டும். பிரெண்டா வியந்தாள்.

"நீங்க இப்படிக்கூடப் பேசுவீங்களா?"

மெர்லிண்டாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குரல் பழைய இடத்துக்கு ஓடிவந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க மேடம். இது பழகிக்கிட்டதுங்க."

"பழகினா வருமா?"

"எதுவும் பழகினா வருங்க."

"அப்ப அந்த இன்னொரு கொரலு? இது இந்த மண்ணுல பொறந்தவங்களுக்குத்தான் வரும்னு நாங்க நம்பிக்கிட்டிருந்தோம். அதனாலதான் பிஜியவிட அதிகமாக் குடுத்து இங்க வெச்சிருக்கோம்."

இங்கே இல்லை என்று தலையாட்டியிருக்க வேண்டும். வந்த விருந்தாளி கேட்டதற்கு இல்லை என்று சொல்லுகிற பழக்கம் அந்த ஊரில் கிடையாது. போதாததற்கு அது அவளுடைய பாடத்தைப் பற்றிய கேள்வி.

"அதுவும் பழக்கந்தாங்க மேடம். தொண்டையில பாதி, பாடத்துல பாதி. இந்தத் தீவோட அந்தக் கரையிலேருந்து, மணிலாவுலேருந்தெல்லாம் வந்த பொண்ணுங்கள நாந்தான் தயார் பண்ணேன். யாரக் குடுத்தாலும் பண்ணிருவேங்க."

பிரெண்டாவின் முதுகுக்குப் பின்னால் வில்மார் வேண்டாம் என்று தலையை ஆட்டிய ஆட்டில் முகமூடி நழுவி மூக்கில் விழுந்தது. சிரிக்கிற வாய்க்கு மேலே இரண்டு பீதிக் கண்கள்.

"யாரக் குடுத்தாலும்" என்று பிரெண்டா ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. பிஜி. ஆனால் மெர்லிண்டாவுக்கு மட்டும் ஒரு சலுகை: அங்கே எடுக்கிற பெண்களுக்குத் திரை வழியே பாடம் சொல்ல வேண்டும். ஜனவரி முடிய வேலை என்று உத்தேசம், வேலை இருக்கும்வரை அட்டையும் உண்டு. ஆபரேஷன் ஜனவரி நடுவில். மெர்லிண்டா ஒப்புக்கொண்டாள். தன் தெருவுக்குத் தானே குழி வெட்டுகிறோம் என்று அவளுக்குத் தெரியும். "வெட்டு. நானா இருந்தா மண்வெட்டி ரெண்டு கேப்பேன்" என்றாள் கொர்னேலியா.

மெதுவாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்றுதான் பார்த்தாள். பிஜிப் பெண்களோ மாதா கோயிலில் பாடிப் பாடித் தொண்டையை உருக்கி வைத்திருந்தவர்கள். அவள் ஒருமுறை மூச்சு விட்டால் அவர்கள் ஒன்பது பேரும் அதைவிட நன்றாக விட்டார்கள். நாங், நாங் என்று ஒட்டிக்கொண்டார்கள். தப்பாகச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே, பயிற்சி எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக முடிந்துவிட்டது என்று பாராட்டி அவள் கணக்கை முடித்தார்கள். தெருவில் மேலும் இரண்டு கம்பெனிகள் பிஜிக்கு ஆள் அனுப்பிப் பார்ப்பதாகப் பேச்சு.

மெர்லிண்டா வீட்டிலிருந்து மருத்துவ அட்டைக்காரர்களைப் போனில் கூப்பிட்டாள். அவர்களுடைய உதவிப் பிரிவும் அதே தெருதான், கொர்னேலியா கடைக்கு எதிரில் நான்காவது மாடி. உள்ளறையில் தியோனிங் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னாள், அட்டை எண்ணைச் சொன்னாள், ஆபரேஷன் வரைக்குமாவது நீட்டித்துத் தர வழியுண்டா என்று கேட்டாள்.

மறுமுனையில் ஒரு மூச்சு. நன்றாகக் கேட்கும்படி விட்ட மூச்சு.

யாரென்று தெரிந்துவிட்டது. ஜெசெல். போன வருடம் அவளிடம் பாடம் கேட்டவள்.

"அய்யோ, நாங்" என்றது குரல். சொந்த வீட்டில் நடந்தது போலவே இருந்தது. "தியோனிங் அண்ணனுக்கா... அய்யோ."

மெர்லிண்டா கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது வந்தது. அட்டை நேற்றோடு முடிந்துவிட்டது, நீட்டிக்க வழியில்லை, புதிதாகப் பணம் கட்டிச் சேர்ந்தாலும் இருக்கிற நோய்க்கு ஒரு வருடம் கழித்துத்தான் செல்லும். தேனில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

வயிற்றிலிருந்து அந்தச் சத்தத்தைத் தேடினாள். பெட்டியை நினைத்தாள், மாலையை நினைத்தாள். ஏறி வந்தது, தொண்டையில் சர்க்கரையாகிவிட்டது.

"நல்லா சொன்ன, இந்தாய்" என்றாள். "சரிங்க. நன்றிங்க."

போனை வைத்துவிட்டு உள்ளறை வாசலில் வந்து நின்றாள். தியோனிங் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சொன்னாங்க? தேதி மாறலையே?"

மெர்லிண்டா அவருக்குக் கேட்கும்படி மூச்சு விட்டாள்.

தியோனிங் கரண்டியைக் கீழே வைத்தார்.