செனட்டரம்மாவிடம் சொன்ன செய்திகள்

ஏழு வருடமாக ரூபியேலா தன் தம்பி வீட்டுச் சமாசாரங்களை எல்லாம் ஒரு கோவேறு கழுதையின் தயவில்தான் தெரிந்துகொண்டு வந்தாள்.

எதிர்வீடுதான். தம்பி கில்தார்தோ காலையில் கழுதையை அவிழ்த்து, கூடைகளை ஏற்றி, நேராக மலைக்குப் போகலாம். போகமாட்டான். தெருவைக் கடந்து வந்து அக்காவின் சமையலறை ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி, தான் சற்று முன்தான் இறுக்கிய வாரை அவிழ்த்து மறுபடி இறுக்குவான். இறுக்கிக்கொண்டே கழுதையிடம் பேசுவான்.

"செனட்டரம்மா, உனக்கு விஷயம் தெரியுமா? நம்ம பையன தெக்க காக்கெத்தா காட்டுப்பக்கம் மாத்திட்டாங்களாம். அங்க ஒரே புழுக்கமாம், கால் எல்லாம் வெந்துபோகுதாம்."

உள்ளே குடிக்கிற சாக்லேட்டைக் கடைகிற சத்தம் நின்றுபோகும். அவ்வளவுதான், பதில் வராது. ஆனால் அடுத்த வாரமே பட்டாளத்தில் இருந்த அவன் மகன் துவானுக்கு மெல்லிய பருத்திக் காலுறைகள் தபாலில் போய்ச் சேர்ந்திருக்கும். கழுதை அனுப்பியிருக்க வாய்ப்பில்லை.

கழுதைக்கு அந்தப் பெயரும் சும்மா வைத்ததல்ல. பொதுவாக்கெடுப்பு முடிந்த அடுத்த மாதம்தான் அவளைச் சந்தையில் வாங்கினான். கெரில்லாக்கள் எல்லாம் செனட்டில் போய் உட்கார்ந்துவிடுவார்கள் என்று அக்கா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். "நாள் முழுக்கத் திங்கறா, வேல சொன்னா முறைக்கறா. வேற என்ன பேரு வைக்கறது?" என்று ஜன்னல் பக்கம் பார்த்துச் சத்தமாகக் கேட்டான். அக்காவைச் சீண்டாமல் அவனுக்கு ஒரு நாளும் பொழுது விடிந்ததில்லை.

பொதுவாக்கெடுப்பு நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை எங்கள் அந்தியோக்கியா மலை ஊர்களில் மறந்தவர் இல்லை. கெரில்லாக்களோடு அரசாங்கம் செய்த சமாதான உடன்படிக்கை வேண்டுமா, வேண்டாமா என்று நாட்டையே கேட்டார்கள். கல்யாண வீட்டில்கூட வேண்டும் கட்சி ஒரு மேசை, வேண்டாம் கட்சி ஒரு மேசை என்று உட்கார்ந்த காலம் அது. மயிரிழையில் 'வேண்டாம்' ஜெயித்தது.

ரூபியேலா 'வேண்டாம்' என்று போட்டவள். மலைமேல் இருந்த குடும்ப நிலத்துக்குப் போகும் பாதையில், கொய்யாமரத் திருப்பத்தில், அவள் கணவன் அபெலார்தோ அவள் கண்ணெதிரே கண்ணிவெடியில் காலை வைத்துச் செத்தான். வெடி வைத்த கெரில்லாக்கள் தண்டனை இல்லாமல் போவதா என்பது அவள் கேள்வி. கில்தார்தோ 'வேண்டும்' என்று போட்டவன். மகன் துவான் பட்டாளத்தில் இருந்தான். அவனும் அப்படி ஒரு திருப்பத்தில் காலை வைத்துவிடக் கூடாதே என்பது இவன் பயம். ஒரே வெடிதான் இரண்டு பேரையும் இரண்டு பக்கம் தள்ளியது. அதை அன்று அவர்களுக்குச் சொல்ல யாருக்குத் தைரியம் இருந்தது?

முடிவு வந்த மாலை கில்தார்தோ நடுத்தெருவில் நின்று கத்தினான். "உன் புருஷன் செத்தது பத்தாதா? என் புள்ளையும் செத்தாத்தான் உனக்கு மனசு ஆறுமா?"

"வெடி வெச்சவன் சபையில உக்காரணும், நீ நின்னு கைதட்டணும், அதானே? அபெலார்தோ ரத்தத்த என்ன வெலைக்குடா வித்த?" என்றாள் அவள். சொல்லிவிட்டு, கதவைச் சாத்துமுன் ஒரு சபதமும் போட்டாள். "இனிமே நீ என்ன பேசினாலும் சரி, உனக்கு நான் பதில் சொன்னா என் பேரு ரூபியேலா இல்ல."

பதில் சொல்லாமல் இருப்பதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. டிசம்பர் வந்தால் எங்கள் ஊரில் பெரியவர்கள்கூடக் குழந்தையாகிப் பந்தயம் கட்டுவார்கள். அகினால்தோ என்று பெயர். ஒரு வகை ஆட்டத்தில், ஒருவர் பேசப் பேச மற்றவர் பதிலே சொல்லக் கூடாது. வாய் தவறிச் சொல்லிவிட்டால் எதிராளி "அகினால்தோ!" என்று கூவிக் கேட்ட பரிசை வாங்கிக்கொள்வான். சின்ன வயதில் கில்தார்தோ தன் கோலிக்குண்டு, உண்டிவில், ஒரு கோழிக்குஞ்சு உட்பட சகலத்தையும் அக்காவிடம் தோற்றவன். ஒருமுறை "அக்கா, அடுப்பங்கர தீப்புடிச்சிருச்சு!" என்று அலறினான். அவள் எழுந்து போய், தீ இல்லை என்று பார்த்துவிட்டு, கொண்டுபோன வாளித் தண்ணீரை அவன் தலையில் ஊற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

நாட்டில் என்ன நடந்தது என்றால், 'வேண்டாம்' ஜெயித்தும் உடன்படிக்கையை அங்கே இங்கே திருத்தி அந்த வருடமே நிறைவேற்றிவிட்டார்கள். ஜெயித்தவர்கள் ஏமாந்துபோனோம் என்று குமுறினார்கள். தோற்றவர்கள் பிழைத்தோம் என்றார்கள். பிறகு வருடங்கள் போயின. இவர்கள் சொன்னபடி நாடு கொள்ளை போய்விடவும் இல்லை, அவர்கள் சொன்னபடி தேனும் பாலும் ஓடிவிடவும் இல்லை. அங்கங்கே துப்பாக்கிச் சத்தம் இன்னும் கேட்கத்தான் செய்தது. எங்கள் மலையில் மட்டும் நின்றுவிட்டது. இப்போது சதுக்கத்தில் போய் நீ எந்தப் பக்கம் போட்டாய் என்று கேட்டுப் பாருங்கள், ஊரில் பாதிப் பேருக்கு அன்றைக்குக் காய்ச்சலாம், ஓட்டுப் போடவே போகவில்லையாம்.

மலைப்பாதைக்கும் ஆட்கள் வந்தார்கள். முகமூடிக் கவசம் போட்டு, மண்டியிட்டு, சாண் சாணாக மண்ணைத் தடவிக் கண்ணிவெடிகளை எடுத்தார்கள். முடிந்த அன்று, இனிப் பயமில்லை என்று அந்த நிலத்திலேயே பந்து விளையாடிக் காட்டினார்கள். பாதிரியார் வந்து தண்ணீர் தெளித்தார். கில்தார்தோ மறுநாளே மண்வெட்டியோடு ஏறிவிட்டான். மேலே அவரையும் பிளாக்பெர்ரியும் போட்டான். விளைந்ததில் பாதியை அக்கா வீட்டு வாசலில் வைப்பான். நிலம் இருவருக்கும் பொது அல்லவா. அவள் அந்தக் கூடையைத் தொடாமல் கோயிலுக்குக் கொடுத்துவிடுவாள்.

"அந்த உடன்படிக்கை தொறந்த வழியில நான் கால வைக்கமாட்டேன்" என்று பக்கத்து வீடுகளில் சொல்லி வைத்திருந்தாள். கேட்டவர்கள் வைராக்கியம் என்றார்கள். வைராக்கியம் பாதிதான். மீதி பச்சையான பயம். கொய்யாமரத் திருப்பத்தை நினைத்தாலே சிலுவை போட்டுக்கொள்வாள். அதைவிட ஆழத்தில் இன்னொன்றும் இருந்தது. தான் போட்ட ஓட்டுத் தப்போ என்று சில நாள் அடித்துக்கொள்ளும் மனசு, சரியாகவே இருந்து எல்லாம் மறுபடி வெடித்துவிடுமோ என்று சில நாள் அடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் பயந்து பயந்து அவள் ஓய்ந்துபோயிருந்தாள்.

ஏழாம் வருடம் டிசம்பர் பிறந்ததும் துவான் பட்டாளத்தை விட்டு வந்தான். இரண்டு காலோடும் வந்தான். தாயில்லாப் பிள்ளை, அத்தை மடியில் வளர்ந்தவன். மேலே இடிந்து கிடந்த பழைய வீட்டுக்குப் புதுக் கூரை போட்டுவிட்டு, ஒரு நாள் அத்தையின் சமையலறையில் வந்து உட்கார்ந்தான்.

"அத்தை, பதினாறாம் தேதி கிறிஸ்துமஸ் நொவேனா ஆரம்பிக்குதுல்ல, ஒம்பது நாள்ல மொத நாள் ஜெபத்த மேல நம்ம வீட்ல வைக்கறேன். இருட்டறதுக்குள்ள எறங்கிரலாம். நீங்க வரணும்."

"எனக்கு மூட்டு வலி."

"ஒங்க மூட்ட எனக்குத் தெரியாதா? போன வாரம் கோயில் படி அத்தனையும் ஏறினீங்க. நீங்க வந்து கும்பிடாத கூரைக்குக் கீழ நான் படுக்கமாட்டேன் அத்தை. மெதெயின்ல ஒரு காவல் வேல சொல்லியிருக்காங்க. நீங்க வரலேன்னா ஜனவரில கிளம்பிருவேன்."

"என்னடா, மெரட்டறியா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு அவள் சுட்ட புன்யுவேலோ என்ற பாலாடைக்கட்டி உருண்டையில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனான்.

ஏழு வருடம் அவன் உயிரோடு வர வேண்டும் என்று மெழுகுவர்த்தி ஏற்றியவள் அவள். வந்த பிள்ளை தன் பிடிவாதத்தால் நகரத்துக்குப் போய், எவனோ ஒருவன் கட்டடத்து வாசலில் தடியோடு நிற்பதா? அன்று அவள் நாட்டியா என்ற பால் களியைக் கிண்டும்போது சட்டி அடிப்பிடித்துவிட்டது. அவள் வாழ்நாளில் அது முதல் தடவை.

பதினாறாம் தேதி மதியம் ஊர்ச்சனம் கித்தாரும் கிலுகிலுப்பையுமாக மலை ஏறியது. ரூபியேலா புதிதாகக் கிண்டிய நாட்டியாச் சட்டியைத் துணியில் கட்டி, யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு கடைசியில் வந்தாள். அவளுக்கும் பின்னால், வேண்டுமென்றே மெதுவாக, கழுதையோடு கில்தார்தோ.

கொய்யாமரத் திருப்பம் வந்தது. முன்னால் போனவர்கள் பாடிக்கொண்டே வளைந்து மறைந்துவிட்டார்கள். அவள் கால் நின்றுவிட்டது.

மரம் பெருத்திருந்தது, அவ்வளவுதான். அபெலார்தோவின் தொப்பி அந்தக் கிளையில் போய் மாட்டியதும், அவன் கையில் பிடித்திருந்த கன்றுக்குட்டியின் கயிறு மட்டும் தனியாகக் கிடந்ததும் நேற்று நடந்தது போல இருந்தது. இங்கே ஒன்றுமில்லை, எடுத்துவிட்டார்கள் என்று புத்திக்குத் தெரிந்தது. காலுக்கு யார் சொல்வது? சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

பின்னால் கில்தார்தோ தொண்டையைச் செருமினான். "செனட்டரம்மா, நாலு வருஷமா நீயும் நானும் தெனம் ரெண்டு தடவ இதுல போறோம். நமக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலியே."

அவள் அசையவில்லை. கில்தார்தோ கழுதையின் கயிற்றை வேலிக் கம்பில் சுற்றிவிட்டு, அக்காவைத் தாண்டி முன்னால் போனான். பாதை நடுவில் நின்று திரும்பினான். ஏழு வருடத்தில் முதல் முறையாக நேராக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"அக்கா, மச்சான் விழுந்தது இங்கயா?"

கேட்டுவிட்டு இரண்டு காலாலும் தொம்மென்று குதித்தான்.

"இங்க இல்லியா? அப்போ இங்க?" மறுபடி தொம். "இல்ல, இந்தக் கல்லுகிட்டயா?" தொம். அறுபதை எட்டிய மனிதன், தொப்பை குலுங்க, செருப்புப் பிய்ய, அந்தத் திருப்பம் முழுவதும் மிதித்துத் தள்ளினான். கண்ணில் தண்ணீர் ஓடியது. அதையும் துடைக்கவில்லை. மரத்தடியில் புடைத்திருந்த வேர்ப்பக்கம் அவன் காலைத் தூக்கியபோது அவள் கத்திவிட்டாள்.

"அங்கதான்டா! வேருக்கு அந்தப் பக்கம்! கால எடுடா, கிறுக்கா! உன்னையும் குடுத்துட்டு நான் எங்கடா போவேன்!"

கில்தார்தோ தூக்கிய காலோடு நின்றான். பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக, அந்தக் காலை அங்கேயே வைத்தான். ஒன்றும் ஆகவில்லை. ஒரு கொய்யா இலை விழுந்தது, அவ்வளவே.

அவன் முகம் முதலில் கோணி, பிறகு விரிந்தது. தொப்பியைக் கழற்றி ஆகாயத்தில் வீசி, மலையே கேட்கும்படி கூவினான். "அகினால்தோ! அக்கா பதில் சொல்லிட்டா! தோத்துட்டா! அகினால்தோ!"

மேலே பாட்டு நின்றது. ரூபியேலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே ரோஷமும் வந்தது. சாம்பியன் அல்லவா. "யார்ரா தோத்தா? பேசினவனுக்குத்தான் பதில் சொல்லாம இருக்கணும். ஏழு வருஷமா நீ எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. ஆட்டம் செல்லாது."

"பேசலியா? தெனம் காலைல உன் ஜன்னலுக்குக் கீழ நின்னு தொண்டத்தண்ணி வத்தப் பேசினேனே, அதெல்லாம் கழுதைக்கா சொன்னேன்? கழுதையா காலுறை வாங்கி அனுப்பிச்சுது?"

அவள் சட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கடைசியில், "சரி, என்ன வேணும் உனக்கு?" என்றாள்.

"அன்னிக்கு நான் போட்ட ஓட்டுதான் சரின்னு ஒத்துக்க."

"செத்தாலும் மாட்டேன். நாளைக்கே மறுபடி பெட்டிய வெச்சாலும் வேணாம்னுதான் போடுவேன்."

"போடு. நான் வேணும்னு போடறேன். ரெண்டும் கழிஞ்சு போயிரும்" என்று சிரித்தான். "அப்போ வேற கேக்கறேன். தெனம் காலைல ஒரு கோப்பை சாக்லேட். ஏழு வருஷமா வாசனைய மட்டும் புடிச்சிட்டு வெறும் வயித்தோட மலை ஏறறேன். இப்போ கைய குடு."

கை கொடுத்தாள். சட்டியை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் தம்பியைப் பிடித்துக்கொண்டு, வேரைத் தாண்டிக் காலை வைத்தாள். மண் மண்ணாகவே இருந்தது. அடுத்த அடியும் வைத்தாள். நெஞ்சில் எத்தனையோ வருடமாக உட்கார்ந்திருந்த கனம் இறங்கியதும் சிறு பெண்போல விம்மி விம்மி அழுதாள். சந்தோஷம்தான். வேறொன்றும் இல்லை. வளைவில் ஓடி வந்து நின்ற துவான், அத்தையும் அப்பாவும் கைபிடித்து வருவதைப் பார்த்துவிட்டு, சட்டியை வாங்க மறந்து வாயைப் பிளந்தான்.

"நிக்காதடா, நாட்டியா ஆறுது. உன் கூரையக் காட்டு" என்றாள்.

மறுநாள் காலை கில்தார்தோ வழக்கம்போலத் தெருவைக் கடந்து வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றான். கையும் பழக்கதோஷத்தில் வாரை அவிழ்த்தது. வாயும் தன்னால் ஆரம்பித்தது.

"செனட்டரம்மா, உனக்கு விஷயம் தெரியுமா? பையன் மெதெயினுக்குப் போகலியாம். அப்புறம், நேத்து நாட்டியால இனிப்பு கொஞ்சம் தூக்கல்."

உள்ளே கடைகிற சத்தம் நின்றது. ஜன்னல் படாரென்று திறந்தது.

"இத்தன வருஷம் அந்தக் கழுத கேட்டது போதும். குத்தம் சொல்றத எங்கிட்ட நேரா சொல்லு. உள்ள வாடா, சாக்லேட் ஆறுது."