உப்புப் போட்ட கடலை ஓடு

கடலை ஓட்டைக் கரியாக்கி அதை வைத்துக் கரண்டு எடுக்கப்போவதாக என் மருமகள் சொன்னபோது நான் நம்பவில்லை. கண்ணால் பார்க்காததை நம்பிக் கெட்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் நான் கடலை வறுத்து விற்கிறவன். ஓடு எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது. கேட்டாள், மூட்டை கட்டி வைத்தேன்.

அந்தக் கரியின்மேல் பிளாட்டினத்தைப் பொடிப்பொடியாக ஒட்டவைத்தால், வாயு பட்டதும் கரண்டு வருமாம். பிளாட்டினம் தங்கத்துக்கே பங்காளி. போன தடவை ஏதோ மரக்கரியில் வைத்துப் பாழாகிவிட்டது. மிச்சம் இருப்பது ஒரு பொட்டு. அதுவும் வீணானால் வேலையை மூடிவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லி ஆய்வுக்கூடத்தில் உத்தரவு. உப்பு மட்டும் ஆகவே ஆகாது, பட்டால் பிளாட்டினம் முடங்கிவிடும் என்று என்னிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அன்று மத்தியானம் கரியில் பிளாட்டினத்தைக் கலப்பதாக இருந்தாள். காலையில் கதவுக்குப் பின்னால் பார்த்தால், அவளுக்குக் கட்டிய மூட்டை அப்படியே இருக்கிறது.

"அப்போ அவகிட்ட எதைக் கொடுத்தே?" என்று என் வீட்டுக்காரியைக் கேட்டேன்.

"வாசல்ல இருந்ததை. ஓடுன்னா ஓடுதானே! இதுல சீமை ஓடு வேற இருக்கா?"

வாசலில் இருந்தது உப்புத் தண்ணீரில் ஊறவைத்து வறுத்த கடலையின் ஓடு. மருமகள் போனை எடுக்கவில்லை. பஸ் பிடித்து ஓடினேன்.

ஆய்வுக்கூடத்து வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன மாமா? அத்தைக்கு ஏதாவது..."

"அவளுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கா. உன் தலையிலதான் கல்லைப் போட்டுட்டா. நீ எரிச்சது உப்பு ஓடு. பிளாட்டினத்தைக் கொட்டிட்டியா?"

"இன்னும் இல்ல. உள்ள வாங்க."

கண்ணாடிப் புனலில் காகிதம், அதில் ஈரக் கரி. வடிந்த தண்ணீரைச் சின்னக் குழாயில் பிடித்து ஒரு சொட்டு மருந்து விட்டாள். பால் கலந்தது போல் வெளுத்தது.

"உப்பா?"

"உங்க உப்பு மட்டும் இல்ல மாமா. சாம்பல் போகறதுக்கு நானே உப்பு அமிலம் ஊத்தித்தான் கழுவறேன். ரெண்டும் ஒரே விஷம்தான். வெளுக்கறது நிக்கிற வரைக்கும் கழுவணும்."

"அப்புறம் எதுக்கும்மா உப்பு ஆகாது, உப்பு ஆகாதுன்னு என் உயிரை எடுத்தே?"

"உங்க உப்பும் சேர்ந்தா கழுவி மாளாதே மாமா, அதான்!"

வெந்நீர் ஊற்றினாள். சொட்டு விட்டாள். வெளுப்பு. மறுபடி ஊற்றினாள். லேசான மங்கல். நாற்காலியைக் காட்டினாள், நான் உட்காரவில்லை. கடைசியில் சொட்டு விழுந்தும் தண்ணீர் தண்ணீராகவே நின்றது.

"இன்னொரு தடவை விடு," என்றேன்.

விட்டாள். பளிங்கு மாதிரி இருந்தது. அப்புறம்தான் மூச்சு விட்டேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வாரம் போன் செய்தாள். "மாமா, நம்ம ஓட்டுக் கரண்டுல விசிறி சுத்துது! வேலையைத் தொடரச் சொல்லிட்டாங்க!" பின்னால் உர்ரென்று சத்தம்.

"அது உங்க கூரை விசிறியா இருக்கும். வாயுவை மூடு பாப்போம்."

சத்தம் மெல்ல இறங்கி அடங்கியது.

"இப்போ திற."

மறுபடி உர்ரென்றது.

நான் போனை என் வீட்டுக்காரியின் காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான்தான் சொன்னேனே, ஓடுன்னா ஓடுதான்!"

அன்றைக்கு அவளோடு சண்டை போடத் தோன்றவில்லை.