மூன்றாவது மேட்டின் பதில்

தண்ணீர் ஏறுவதற்குள் எஞ்சினியரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். வீப்கேக்கு அன்றைக்கு வேறு வேலையே இல்லை. காலை ஒன்பது மணிக்கு, தண்ணீர் வடிந்து கிடந்த சேற்றுக்கடலின் நடுவே போட்ட தண்டவாளத்தில் குட்டி மோட்டார் வண்டி தடதடத்து வந்து நின்றபோது அவள் வந்தவரைப் பார்க்கவில்லை, மேற்கே வானத்தைப் பார்த்தாள். அங்கே மேகம் ஈயம் பூசியது போலக் கிடந்தது. காற்று இன்னும் திரும்பவில்லை. பன்னிரண்டு மணிவரை தாங்கும் என்று கணக்குப் போட்டாள்.

தீவில் மூன்று மேடுகள், மேட்டுக்கு ஒரு வீடு. மற்றதெல்லாம் தட்டையான புல்வெளி. வருடத்துக்கு இருபது தடவையாவது வடகடல் வந்து அந்தப் புல்லை மூடிவிட்டுப் போகும். "தரை போச்சு" என்பார்கள், பால் பொங்கிவிட்டது என்பதுபோல. இப்போது நகரத்து அலுவலகத்துக்குத் திடீரென்று இரக்கம் சுரந்திருக்கிறது. தீவைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும் கல்கரையை ஆள் உயரத்துக்கு எடுத்துக் கட்டித் தருகிறார்களாம். மூன்று வீட்டில் இரண்டு வீட்டார் அந்த மதில் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் வசந்தத்தில் வேலை தொடங்கிவிடும்.

முதல் மேடு வீப்கேயும் அவள் அப்பா நொம்மனும். வேண்டாம் என்று எழுதியாயிற்று. இரண்டாவது மேட்டுக்காரர்கள் கோடையில் இரண்டு மாதம் வந்து கால் நீட்டிவிட்டு ஹாம்பர்க்குக்கு ஓடிவிடுகிறவர்கள். வேண்டும் என்று தபாலில் அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது மேடு மாரெட் அத்தை. போன ஜனவரியில் சினை ஆடு மூன்றை வெள்ளத்தில் பறிகொடுத்தவள். அவள் என்ன எழுதுவாள் என்று கேட்கவே வேண்டாம். அந்தப் பதிலை எழுதி வாங்கத்தான் எஞ்சினியர் வருகிறார்; அத்தையைப் பார்க்காமலே அவர் திரும்பிவிட்டால் கொஞ்சம் அவகாசமாவது கிடைக்கும்.

ஒவ்வொரு வெள்ளமும் போகும்போது புல்லுக்கு அடியில் நகக்கண் கனத்துக்கு வண்டல் விட்டுவிட்டுப் போகிறது. கடல் ஏற ஏறத் தரையும் ஏறுகிறது. தீவு இத்தனை காலம் உயிரோடு இருப்பது அந்தச் சேற்றால்தான். மதில் கட்டித் தடுத்தால் ஐம்பது வருடத்தில் தீவு கிண்ணத்தின் அடிமாதிரி கீழே கிடக்கும், கடல் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கும். இதை நிரூபிக்க வீப்கே மூன்று வருடம் நாற்பது இடத்தில் மண்ணில் தகடு பதித்து அதன்மேல் படியும் வண்டலை அளந்திருக்கிறாள். அவள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியை மிதித்த முதல் ஆள் அவள். அங்கே "வெள்ளம் வந்தா பயமா இருக்காதா?" என்று அவளிடம் கேட்காதவர் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவம் பார்க்கிறவன்தான் முதலில் மதில் கட்டுவான். நகரத்து ஆள் ஒரு வெள்ளத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், அவள் வரைபடமெல்லாம் அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

எஞ்சினியர் ஹாகமான் ஒல்லியாக, புது ரப்பர் பூட்சும் காதுவரை இழுத்த குல்லாயுமாக இறங்கினார்.

"மோயின்," என்று அந்த ஊர் வணக்கத்தைச் சொன்னார். "உங்க அறிக்கைய ரயில்லயே படிச்சிட்டேன்."

"சந்தோஷம். அப்போ சீக்கிரம் முடிச்சிடலாம். பதினொன்றரைக்கு வண்டி."

ஆனால் அந்த மனிதர் நடக்கிற மனிதராக இல்லை, நிற்கிற மனிதராக இருந்தார். அக்டோபர் மாதம் அல்லவா, ஓடைக்கரையெல்லாம் உமரி சிவந்து, யாரோ ரத்தினக் கம்பளத்தைக் கிழித்துப் போட்டதுபோல் கிடந்தது. அங்கே நின்றார்.

"இது என்ன பூண்டு?"

"உமரி. வாயில போட்டுப் பாருங்க."

மென்றார். "உப்புக் கரிக்குதே!"

"பின்ன, சர்க்கரையா இருக்கும்? நடங்க."

அடுத்து வாத்துகளிடம் நின்றார். சைபீரியாவிலிருந்து வந்து இறங்கிய கருவாத்துகள் நாலாயிரம், புல்லை மேய்ந்தபடி "ர்ரொட், ர்ரொட்" என்று ஊர்ப் பஞ்சாயத்துபோல் பேசிக்கொண்டிருந்தன. அவர் வாயைத் திறந்தபடி பார்த்தார். வீப்கேக்கு எரிச்சலிலும் ஒரு பெருமை. அவளுக்கும் அந்தச் சத்தத்தில் ஒவ்வொரு வருடமும் நெஞ்சு ஒரு பிடி விம்மத்தான் செய்கிறது, அதை இவரிடம் சொல்ல வேண்டுமா என்ன?

திடீரென்று பேச்சு நின்றது. நாலாயிரம் கழுத்தும் ஒரே பக்கம் திரும்பின. அடுத்த மூச்சில் வானம் கறுத்தது. அத்தனையும் எழுந்து தலைக்கு மேலே மேடுகளை நோக்கிப் போயின. குல்லாய் பறந்தது. காற்று வடமேற்குக்குத் திரும்பிவிட்டது, அதுவும் ஒரு மணி நேரம் முன்பாகவே.

பையில் தொலைபேசி அலறியது. அப்பா.

"எங்க இருக்க? தண்டவாளம் போச்சு. வண்டிய இழுத்து மேல ஏத்திட்டேன்."

"அப்பா, அவர் போயாகணும்!"

"நீந்துவாரா?" என்றார் நொம்மன். "நீந்த மாட்டாருன்னா மாரெட் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. அதான் கிட்ட."

விதி என்றால் இப்படியா சிரிக்கும்? போயும் போயும் மூன்றாவது மேடு.

அங்கே மாரெட் அத்தை ஒரு கையில் தடியும் ஒரு கையில் முழங்காலுமாக முப்பது ஆடுகளோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். ஓடை விளிம்புவரை நிரம்பி, ஆடு வரும் பாதையில் வழியத் தொடங்கியிருந்தது.

"வந்தாளய்யா படிச்சவ! சும்மா பாக்காத, அந்தப் பக்கம் மறி! சார், நீங்களும்தான். கொம்பு கிடையாது, தைரியமாத் தள்ளுங்க!"

ஹாகமான் ஒரு கிடாயின் பின்புறத்தில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினார். கிடாய் திரும்பிப் பார்த்தது. அவரும் பார்த்தார். பிறகு இருவரும் மேலே ஏறினார்கள்.

எல்லாம் மேட்டுக்கு வந்து சேர்ந்ததும் மாரெட் அத்தை மதிலுக்குத் தோதாக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். "பாத்தீங்களா சார் எங்க கதிய? அறுபத்தெட்டு வயசு. இந்த முட்டிய வச்சுக்கிட்டு வருஷம் பூரா இதே பொழப்பு. அனாதைங்க சார் நாங்க." சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் வீப்கேயைப் பார்த்தாள். வீப்கே பல்லைக் கடித்தாள்.

அப்புறம் தரை போயிற்று.

கடல் அலையாக வரவில்லை, அது அப்படி வருவதே இல்லை. ஓடைகள் நிரம்பின, புல்லுக்கு இடையில் ஆயிரம் இடத்தில் வெள்ளி மினுங்கியது. மண்ணுக்குள் அடைந்திருந்த காற்று எலி வளை வழியாகவும் புழு வளை வழியாகவும் கொப்பளித்து, தீவு முழுவதும் உஸ்ஸ்ஸ் என்று ஒரு மூச்சு விட்டது. வேலிக்கம்பங்களில் சிலந்தியும் வண்டும் வரிசை வரிசையாக ஏறின, அவசரமே இல்லாமல், வழி தெரிந்த பயணிகள் மாதிரி. உமரிச் சிவப்பு தண்ணீருக்கு அடியில் கொஞ்ச நேரம் தணலாகத் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. ஒரு மணிக்கெல்லாம் மூன்று மேடுகளும் மூன்று கப்பல்களாக நின்றன. எங்கு பார்த்தாலும் சாம்பல் நிறத் தண்ணீர், அதன் மேல் கருவாத்துகள் ஏதோ தங்கள் வீட்டு முற்றம்போல மிதந்தன.

எத்தனை தடவை பார்த்தாலும் வீப்கேக்கு இது அலுக்கவில்லை. இன்றைக்கு மட்டும் அவள் அதைத் திட்டினாள். இப்படியா அழகாக வந்து காட்டிக்கொடுப்பது?

ஹாகமான் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "இது... வீட்டுக்குள்ள வந்துடுமா?"

போச்சு, என்று நினைத்தாள் வீப்கே. இனி கையெழுத்துத்தான் பாக்கி.

மாரெட் அத்தை அப்போது ஆமாம் என்றிருக்கலாம். ஒரு பெருமூச்சு விட்டிருந்தாலே போதும். ஆனால் அவள் அந்த வெளுத்த முகத்தைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். வெளியாள் ஒருவன் தன் வெள்ளத்தைத் தப்பாக எடைபோடுவதை அந்தத் தீவில் வாழும் எந்த ஜீவனாலும் பொறுத்துக்கொள்ள முடியாது.

"இதா? வீட்டுக்குள்ளயா?" அத்தை இடுப்பில் கை வைத்தாள். "சார், இதுக்குப் பேரு வெள்ளமா? இதுல எங்க வாத்து கால் கழுவும். நான் கல்யாணமாகி வந்த வருஷம் வந்துது பாருங்க, அது வெள்ளம்! அடுப்பு மேல மீன் நீந்துச்சு. நான் மாடியில உக்காந்து உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தேன்."

"பயப்படலயா?"

"எதுக்கு? உருளைக்கிழங்குக்கா?"

வீப்கே குறுக்கே பேசிக் கெடுக்காமல் ஆடுகளை எண்ணத் தொடங்கினாள். அவள் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

அத்தை உள்ளே போய்ச் சூடான தேநீரில் சீமைச் சீரகச் சாராயத்தைத் தாராளமாக ஊற்றிக் கொண்டுவந்தாள். ஒரு வாய் உள்ளே போனதும் எஞ்சினியருக்கு நிறம் திரும்பியது, அத்தைக்குப் பேச்சு பெருகியது. கதவுநிலையில் வெட்டிய வெள்ளக்கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள், பிள்ளைகள் பெயரைச் சொல்வதுபோல. பிறகு கீழே கையை நீட்டினாள். மேட்டின் அடிவாரத்தில் இரும்புக் கதவொன்று தண்ணீருக்கு மேல் கால்வாசி தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"அந்தக் கதவு என் மாமனாரோட அப்பா போட்டது. அப்போ என் கழுத்து ஒசரம் சார். இப்போ இடுப்புக்குத்தான் வரும். மூணு தடவ அடிய அறுத்தாச்சு. கடைசித் தடவ நானே அறுத்தேன், இந்தக் கையால."

"எதுக்கு அறுக்கணும்?"

"அறுக்கலேன்னா தொறக்காதே. அடி தட்டும்."

"ஏன் தட்டுது? கதவு எறங்குதா?"

"அது கல்லுல நிக்குது, எங்க எறங்கும்? தரைதான் வளருது. ஒவ்வொரு தடவையும் கடல் வந்து அள்ளிக் குடுத்துட்டுப் போ—"

அத்தை அங்கே நிறுத்தினாள்.

ஹாகமான் கதவைப் பார்த்தார், வீப்கேயைப் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்தார். நாற்பது தகடும் மூன்று வருட வரைபடமும் அவர் மண்டையில் அப்போதுதான் ஏறுவதை வீப்கே கண்ணால் கண்டாள். படித்த படிப்பை நினைத்து ஒரு கணம் அழுகைகூட வந்தது. அறுத்த கதவு ஒன்றை முதலிலேயே காட்டியிருக்கலாம்.

நான்கு மணிக்குத் தண்ணீர் விலகிற்று. மூவரும் கீழே இறங்கினார்கள். புல் முழுக்க மெல்லிய சாம்பல் பூச்சு. ஹாகமான் குனிந்து ஒரு விரலால் வழித்தார், இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். பிறகு பையிலிருந்து படிவத்தை எடுத்தார்.

"அம்மா, நான் எதுவும் சொல்லக் கூடாது. வேணும், வேண்டாம், ரெண்டுல ஒண்ணு. உங்க பதில்தான் முடிவு."

மாரெட் அத்தை பேனாவை வாங்கவில்லை. சேறு பூசிய புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணும் சினை ஆடு," என்றாள் மெதுவாக. "ஒண்ணுக்கு ரெட்டக் குட்டி. அது கத்துறது எனக்குக் கேட்டுச்சு. பாதை முங்கிப்போச்சு, என்னால எறங்க முடியல."

வீப்கேயிடம் இதற்கு வரைபடம் இல்லை. "தெரியும் அத்தை" என்றாள். உண்மையில் தெரியாது. அந்த ஜனவரியில் அவள் நகரத்தில் வெதுவெதுப்பான அறையில் உட்கார்ந்து தீவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள்.

"மதில் வேண்டாம்னா என் ஆட்ட யாருடி ஏத்துவா? உன் தகடா?"

"நான் ஏத்துறேன்."

"ஒவ்வொரு தடவையுமா? விடியக்காலை அஞ்சு மணின்னாலும்?"

வீப்கே குளிர்காலத்தை எண்ணிப் பார்த்தாள். மார்ச்வரை பறவைக் கணக்கெடுப்பு வேலையில் இங்கேதான் இருக்கப் போகிறாள். அதற்குப் பிறகு? தெரியவில்லை. "அஞ்சு மணின்னாலும்" என்றாள். குரல் அவளுக்கே சண்டை போடுகிற மாதிரிக் கேட்டது.

"வாய்ப்பேச்சு எனக்கு வேண்டாம். சார், இத அந்தக் காகிதத்துல எழுதுங்க. அப்புறம் ஆட்டுப்பாதைய இடுப்பு ஒசரத்துக்குத் தூக்கிப் போடணும். அதையும் எழுதுங்க. ரெண்டையும் எழுதினா, மதிலு வேண்டாம்."

"பாதைய எழுதலாம், அத நான் போராடி வாங்கித் தரேன்," என்றார் ஹாகமான். "ஆனா இந்தப் பொண்ணு ஆடு ஏத்துறத எந்தக் கட்டத்துல எழுதறது?"

"இதர குறிப்புன்னு ஒண்ணு இருக்கே, அது எதுக்கு? என்னய்யா எஞ்சினியர் நீங்க!"

அவர் முழங்காலில் படிவத்தை வைத்து எழுதினார். அத்தை ஒவ்வொரு சொல்லையும் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள், அழுத்தி, காகிதம் கிழியும்படி. போட்டுவிட்டு வீப்கேயின் பூட்சைப் பார்த்தாள்.

"இத போட்டுக்கிட்டா ஆடு ஏத்துவ? வழுக்கி விழுந்து சாவ. என்னோடது ஒண்ணு இருக்கு, வந்து எடுத்துக்க. ஞாயித்துக்கிழமை மறுபடி வடமேற்குக் காத்துன்னு ரேடியோல சொல்றான்."